வேலுசாமி தோற்கப் புறப்பட்டார்

முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடலாம் என வேலுசாமி முடிவு செய்தபோது, அடிவாரத்தை விட்டுப் புறப்பட்டு ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

முதுகு நன்றாகத்தான் இருந்தது. அதாவது, ஏழு வருடமாக எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. குனிந்தால் ஒரு வலி, நிமிர்ந்தால் ஒரு வலி. ஆனால் அதெல்லாம் சேலத்து ஜவ்வரிசி மண்டியில் மானேஜர் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த வலி. அதற்காக யாரும் கார் அனுப்ப மாட்டார்கள். இப்போது அவருக்கு வேண்டியது, நாலு பேர் பார்த்து ‘ஐயோ பாவம், இனிமேல் இவரால் நடக்க முடியாது’ என்று சொல்லும்படியான ஒரு பிடிப்பு.

ஏனென்றால் அவர் தோற்க வேண்டும். அதற்காகத்தான் ஐம்பத்து மூன்று வயதில், தொப்பையையும் மூட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மகன் பிரகாஷ் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். கூட்டாளிகளோடு சேர்ந்து கல்லூரி மலையேற்றக் குழுவில் பெயர் கொடுத்து, இமயமலையில் இருபத்தெட்டு நாள் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டான். படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. ஏர்கூலருக்கு எதிரே உட்கார்ந்தாலே தும்முகிறவன். பனியில் இருபத்தெட்டு நாள் என்றதும் வேலுசாமி கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

மைத்துனர் வீட்டு நிச்சயதார்த்தப் பந்தியில் வைத்து வாக்குவாதம் முற்றியது.

“பதினாலு கிலோ மூட்டையைத் தூக்கிட்டு மலை ஏறறதுன்னா சும்மாவாடா? கேஸ் சிலிண்டரை கேட்டுலருந்து சமையக்கட்டு வரைக்கும் உருட்டிட்டு வரச் சொன்னா மூணு தடவை உக்கார்றே!”

பந்தியே சிரித்தது. பிரகாஷுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அப்ப நீங்க தூக்கிக் காட்டுங்கப்பா. ஏற்காட்டுல நாலு நாள் நடைப்பாதை ஒண்ணு இருக்குது. அடிவாரத்துல ஆரம்பிச்சு, மலையைச் சுத்திட்டு கொட்டச்சேடு வரைக்கும். அதே மூட்டையோட நீங்க நடந்துட்டா, நான் இமயமலைக்குப் போறேன். உங்களால முடியலைன்னா நானும் போகலை. அந்தப் பேச்சையே விட்டுடறேன்.”

வேலுசாமிக்கு இலையில் இருந்த பாயசம் அன்றைக்கு இனித்த மாதிரி என்றைக்கும் இனித்ததில்லை. தோற்றால் போதும், பிள்ளை வீட்டில் இருப்பான். “சரிடா!” என்று இடது கையால் தொடையைத் தட்டினார்.

ஆனால் தோற்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அவர் காலை நடைச் சங்கத்தின் செயலாளர். செய்தி தெரிந்ததும் சங்கத்தார் பொன்னாடை போர்த்தி, ‘மலையை மிதிக்கப் போகும் மாமனிதரே!’ என்று பேனர் அடித்து, அடிவாரம் வரைக்கும் வந்து கையசைத்து அனுப்பினார்கள். அப்படிப்பட்டவர் ‘முடியவில்லை’ என்று சும்மா திரும்பி வந்து நிற்க முடியுமா? விதியாகப் பார்த்துத் தோற்கடித்தது போல் இருக்க வேண்டும்.

பிரகாஷ் ஒரு நோட்டும் கொடுத்திருந்தான். ஒவ்வொரு நாள் தங்குமிடத்திலும் யாராவது ஒருவர் ‘நடந்தே வந்தார், மூட்டை தோளில் இருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாலாம் நாள் மாலை நாலு மணி பஸ்ஸுக்குள் கொட்டச்சேடு போய்ச் சேர வேண்டும். மூட்டையையும் அவனே பார்த்துப் பார்த்துக் கட்டினான். கூடாரம், அடுப்பு, கயிறு, உள்ளே நுழைந்து படுக்கும் பை, அதோடு ஒரு லிட்டர் நல்லெண்ணெய், வீட்டு இரும்புத் தோசைக்கல்.

“தோசைக்கல்லு எதுக்குடா?”

“இருக்கட்டும்ப்பா. மலைக் காத்துக்குப் பசிக்கும்.”

தன் வயிற்றின் மேல் பிள்ளைக்கு எத்தனை அக்கறை என்று வேலுசாமி நெகிழ்ந்து போனார். பதினாலு கிலோ என்று சொன்ன மூட்டை, தூக்கினால் இருபதைத் தாண்டும் போல் இருந்தது.

முதல் நாள் தங்குவதற்கு சித்தன் வீடு. நடைப்பாதையில் வருகிறவர்களுக்கு ஒரு அறையும் ராகிக் களியும் கொடுக்கிற குடும்பம். வாசலுக்கு இருபதடி இருக்கும்போதே வேலுசாமி இடுப்பில் கைவைத்து, “அம்மா!” என்று வளைந்து நின்றார். மண்டியில் மூட்டை சரிந்து விழுந்தவர்களை நிறையப் பார்த்திருந்தபடியால் வளைவு தத்ரூபமாக அமைந்தது.

சித்தன் ஓடி வந்தார். “ஏனுங்க, என்னாச்சுங்க?”

“முதுகுங்க. மூச்சு உட்டாலே குத்துதுங்க. எனக்குக் குடுத்து வெச்சது இவ்வளவுதானுங்க. பையனுக்குப் போன் போட்டு வண்டியை வரச் சொல்லிடறேன்.”

“வண்டி எதுக்குங்க? நம்ம ஊட்டுக்காரி இருக்கறா. அவ கால் முன்னால வந்து பொறந்தவளுங்க.”

வேலுசாமி வளைந்தபடியே ஒரு அடி பின்வாங்கினார். கால் முதலில் வெளியே வரப் பிறந்தவர்கள், காலால் உதைத்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது அவருக்கும் தெரிந்த வைத்தியம்தான். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அதற்குப் போய்விட்டுத் திரும்பும்போது நடந்த நடையை அவர் மறக்கவில்லை.

வெள்ளையம்மாள் அப்போதுதான் தலையில் தீவனக் கட்டோடு வந்தாள். கட்டை இறக்கினாள். அது தரையில் விழுந்த சத்தத்தை வைத்து, அதைச் சுமந்த காலின் பலத்தை வேலுசாமி கணக்குப் போட்டுக்கொண்டார்.

“குப்புறப் படுங்க. எந்தப் பக்கமுங்க?”

எந்தப் பக்கம் என்று அவர் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. “இடது... இல்லீங்க, இப்ப கொஞ்சம் தேவலைங்க.”

“பயப்படாதீங்க. குலசாமியை நெனச்சுக்கங்க.”

முதல் உதையில் வேலுசாமிக்குக் குலசாமி, பக்கத்து ஊர்ச் சாமி எல்லாம் நினைவுக்கு வந்தது.

“போயிருச்சுங்களா?”

“போயிருச்சுங்க! போயிருச்சுங்க!”

“முழுசா போவலை. மொகத்தைப் பாத்தாலே தெரியுது.”

இரண்டாவது உதையில் முதுகுக்குள் எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வேலுசாமி எழுந்து நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து கால் கட்டை விரலைத் தொட்டார். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த விரலை அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நெசமாவே போயிருச்சுங்கம்மா!” என்று கத்திய பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

வெள்ளையம்மாள் நோட்டை வாங்கி, எழுத்துக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ‘நடந்தே வந்தார். மூட்டை தோளில் இருந்தது. முதுகு நல்லா ஆயிடுச்சு.’

களி சாப்பிட்டு முடிக்கும்போது பிரகாஷ் கூப்பிட்டான்.

“அப்பா, எப்படி இருக்கீங்க? நொம்பக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க. இப்பவே காரை எடுத்துட்டு வந்துடறேன்.”

கொழுப்பைப் பார், என்று நினைத்தார் வேலுசாமி. சித்தனும் வெள்ளையம்மாளும் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது, முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

“உங்கப்பனை என்னன்னுடா நெனச்சே? முதுகு ரப்பர் மாதிரி இருக்குது!”

“சரிங்கப்பா” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டான் பிரகாஷ். சந்தோஷத்தில் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று வேலுசாமிக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் நாள் முதுகு ஒத்துழைக்காது என்று தெரிந்துவிட்டதால் வயிற்றை நம்பினார்.

அதற்குள் பாதையின் தினசரி வாழ்க்கை அவருக்குப் பிடிபட ஆரம்பித்திருந்தது. காலையில் எழுந்ததும் வாசலில் காயப்போட்ட துண்டில் ஒட்டியிருக்கும் பனியை உதற வேண்டும். குதிகால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் சாக்ஸ், அதன்மேல் இன்னொரு சாக்ஸ். நேற்று துவைத்த சாக்ஸை மூட்டையின் பின்னால் ஊக்கில் மாட்டிக் காயவிட்டபடியே நடக்க வேண்டும். குட்டி அடுப்பில் ரவையைக் கிளறினால் பாதி அடிப்பிடிக்கும், மீதி பாதி அமிர்தமாக இருக்கும். தோளில் வார் அழுத்துகிற இடத்தில் துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம். மரத்துக்கு மரம் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. அடுத்த மஞ்சள் கோடு எங்கே என்று தேடித் தேடி நடந்தால் மனசில் வேறு எதுவும் ஓடாது. மண்டியின் பாக்கிச் சாக்குகள், மனைவி காமாட்சியின் அண்ணன், வீட்டு மோட்டார் ரிப்பேர் எல்லாம் எங்கோ கீழே நின்றுவிட்டன. இதில் ஒரு சுகம் இருப்பதை வேலுசாமி கவனித்தார். கவனித்துத் தன்னையே திட்டிக்கொண்டார்.

நாகலூரில் ஒரு கடையில் உட்கார்ந்து எட்டு மிளகாய் பஜ்ஜி, மூன்று முட்டை போண்டா, போதாததற்கு வழியில் பறித்து வந்த பச்சைக் கொய்யா நாலு என்று உள்ளே தள்ளினார். சேலத்தில் ஒரு பஜ்ஜிக்கே மாத்திரை போடுகிற வயிறு அது. நிச்சயம் கைகொடுக்கும் என்று காத்திருந்தார்.

பன்னிரண்டு கிலோமீட்டர் ஏறி இறங்கி வந்த வயிறோ, அத்தனையையும் வாங்கிக்கொண்டு ‘அப்புறம்?’ என்று கேட்டது. ராத்திரி அடித்துப் போட்டது போல் தூங்கினார். காலையில் எழுந்தபோது உடம்பு காற்றாக இருந்தது. கடைக்காரர் நோட்டில் கையெழுத்துப் போட்டதோடு, ‘நல்ல சாப்பாட்டுக்காரர்’ என்றும் சேர்த்துவிட்டார்.

“அப்பா, இன்னிக்காச்சும்...” என்று ஆரம்பித்தான் பிரகாஷ் போனில்.

“இன்னிக்கு என்னடா? இன்னும் பத்து கிலோமீட்டர் சேத்துப் போடச் சொல்லு, நடந்து காட்டறேன்!” பக்கத்தில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வேறு வழியில்லை.

மூன்றாம் நாள் வேலுசாமி துணிந்துவிட்டார். வண்டியில் ஏறிவிடுவது, பிறகு தானே உண்மையைச் சொல்லிவிடுவது. ‘கால் வலித்தது, நல்ல மனிதர் ஒருவர் வற்புறுத்தினார், ஏறிவிட்டேன், மனசாட்சி உறுத்துகிறது’ என்று சொன்னால் தோல்வியும் கிடைக்கும், அரிச்சந்திரன் என்ற பெயரும் கிடைக்கும். அன்றைய தங்குமிடம் ஒரு காப்பி எஸ்டேட். அங்கே கையெழுத்துப் போட வேண்டியவர் ரைட்டர் அங்கப்பன். இருபத்திரண்டு வருடமாக வேலையாட்களின் வருகைக்குப் பேர் போடுகிறவர், வராத ஆளுக்கு ஒருநாளும் பேர் போட்டதில்லை, சொந்த மச்சானுக்கே அரை நாள் குறைத்தவர் என்று நாகலூரில் சொன்னார்கள். வேலுசாமிக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இப்படி ஒரு மனிதரைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு சிறு பாலத்துக்குப் பக்கத்தில் வாழைத்தார் ஏற்றிய பிக்அப் வண்டி ஒன்று வந்தது. கை காட்டினார். டிரைவர் முருகேசன் நிறுத்தினார்.

“ஏறுங்க, ஏறுங்க. மூட்டையை நான் வாங்கிக்கட்டுங்களா?”

“வேண்டாங்க, தோள்லயே இருக்கட்டும்” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, வாழைத்தார்களின் மேல் சிம்மாசனம் போல் உட்கார்ந்தார் வேலுசாமி. வண்டி மேட்டில் ஏறியது. காற்று முகத்தில் அடித்தது. ‘தோற்றேன், தோற்றேன்’ என்று மனசு பாடியது.

மூன்றாவது வளைவில் வண்டி இருமியது. பிறகு நின்றது. பிறகு பின்னால் வர ஆரம்பித்தது.

“புடிச்சுக்கங்க!” என்று கத்தினார் முருகேசன்.

பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டு, ஒரு வளைவு, இரண்டு வளைவு, மூன்று வளைவு என்று வண்டியை அவர் பின்பக்கமாகவே இறக்கிக்கொண்டு வந்த லாகவம் பாராட்டத்தக்கது. வேலுசாமி பாராட்டும் நிலையில் இல்லை. வண்டி கடைசியாக ஒரு சிறு பாலத்தில் முட்டி நின்றது. அவர் ஏறிய அதே பாலம்.

“நல்லவேளைங்க” என்றார் முருகேசன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு. “ஒரு கை குடுத்தீங்கன்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணிப்போடலாம்.”

நூறடி தள்ளிய பிறகு வண்டி உயிர் பெற்றது. மறுபடி நிறுத்தினால் அணைந்துவிடும் என்பதால் முருகேசன் நிற்காமலே கையசைத்துவிட்டுப் போய்விட்டார். வேலுசாமி அந்த மேட்டை நடந்தே ஏறினார்.

எஸ்டேட் ஆபீசில் அங்கப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாக்குமூலத்தைக் கேட்டார்.

“நான் வண்டியில ஏறிட்டனுங்க, ரைட்டரையா. மறைக்க விருப்பமில்லை. கையெழுத்துப் போடாதீங்க.”

“யாரு வண்டிங்க?”

“முருகேசன்னு சொன்னாருங்க.”

அங்கப்பன் உடனே போன் போட்டார். “ஏப்பா முருகேசா, ஐயாவை எங்க ஏத்துனே?... சரி. எங்க எறக்குனே?... ம்ம். அப்புறம்?... மூட்டையோடவா?... சரி, வெச்சுரு.”

போனை வைத்துவிட்டு நீண்ட நேரம் யோசித்தார். சுவரில் இருந்த எஸ்டேட் வரைபடத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். வேலுசாமி ஆவலோடு அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, நீங்க ஏறின எடத்துலயே எறங்கிட்டீங்க. அப்ப வண்டி உங்களை எங்கயும் கொண்டு போகலீங்களே?”

“ஆனா ஏறினேனுங்களே!”

“பஸ்ஸுல ஏறி, அதே ஸ்டாப்புல எறங்கினா அவனைப் பிரயாணம் பண்ணான்னு சொல்லுவமா? மொத்தத் தூரத்தையும் நீங்க காலாலதான் வந்திருக்கறீங்க. இல்லாததை எழுதறதும் தப்பு, இருக்கறதை உடறதும் தப்புங்க.”

முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: ‘வண்டியில் ஏறினார். ஏறிய இடத்திலேயே இறங்கினார். ஆகவே நடந்தே வந்தார். கூடுதலாக நூறு அடி வண்டியும் தள்ளினார். அப்போதும் மூட்டை தோளில் இருந்தது. விசாரித்து அறிந்தேன்.’ அதன் கீழே எஸ்டேட் முத்திரையும் குத்தினார்.

“இருவத்திரண்டு வருசத்துல இப்படி ஒரு யோக்கியரைப் பாத்ததில்லீங்க” என்று சொல்லிக் கைகுலுக்கி, மலை முழுக்க நாலு பேருக்குப் போன் போட்டும் சொன்னார். அது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பது மறுநாள்தான் வேலுசாமிக்குத் தெரிந்தது.

நாலாம் நாள். இனி ஒரே வழிதான் பாக்கி. வழி தவறுவது.

மாலை நாலு மணிக்குள் கொட்டச்சேடு போகாமல் இருந்தால் போதும். காட்டில் தொலைந்து போவதில் அவமானம் எதுவும் இல்லை. பெரிய பெரிய ஆட்களே தொலைந்திருக்கிறார்கள். பாதை இரண்டாகப் பிரிந்த ஓரிடத்தில், மஞ்சள் கோடு வலது பக்கம் போகச் சொன்னது. வேலுசாமி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இடது பக்கம் திரும்பினார். முக்கால் மணி நேரம் காப்பிச் செடிகளுக்கு நடுவே இஷ்டப்படி நடந்தார். திசை சுத்தமாகக் குழம்பிவிட்டது. நிம்மதியாக ஒரு பாறையில் உட்கார்ந்து, மணி நாலு ஆகட்டும் என்று கண்ணை மூடினார்.

“ஏனுங்க, வழி தப்பிட்டீங்களா?”

கண்ணைத் திறந்தார். சில்வர் ஓக் மரத்தில் சாய்த்திருந்த ஏணியின் உச்சியிலிருந்து, மிளகு பறிக்கிற பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் கௌரி என்று பிறகு சொன்னாள்.

“இல்லம்மா. நான் நாகலூருக்குப் போறேன். அப்படியே மெதுவா...”

“ஐய, நீங்க மூட்டையோட வண்டி தள்ளுன ஐயாதானுங்க? ரைட்டரு எங்க மேஸ்திரிக்குப் போன்ல சொன்னாருங்க. நீங்க கொட்டச்சேடுல்ல போகோணும்!” மளமளவென்று இறங்கி வந்தாள். “வாங்க.”

“நீ வழியை மட்டும் சொல்லு கண்ணு, நான் போய்க்கறேன்.”

“வழியைச் சொல்லி உட்டுட்டா, எங்கூர்ல கேக்கறவங்க எங்களை என்ன நெனைப்பாங்க? கொண்டு போய் உட்டாத்தானுங்க அது வழி சொன்னது.”

அந்தப் பக்கத்தில் வழி சொல்வதென்றால் அதுதான் அர்த்தம் என்று வேலுசாமிக்கு அப்போது தெரிந்தது. கௌரி அவரை ஓடை வரைக்கும் கூட்டிப் போய், அங்கே மாடு மேய்த்தவரிடம் ஒப்படைத்தாள். அவர் முள்வேலியில் ஒரு படலைத் திறந்து, வாழைத்தோப்புக்காரரிடம் ஒப்படைத்தார். வாழைத்தோப்புக்காரர் தன் வீட்டுக் கொல்லை வழியாகவே நுழைத்து விட்டார். ரிஜிஸ்தர் தபால் போல வேலுசாமி கை மாறிக்கொண்டே போனார்.

நடுவில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. “ஏனுங்க, இந்த மூட்டையைக் கொஞ்ச தூரம் நீங்க தூக்கிட்டு வாங்களேன்” என்று வாழைத்தோப்புக்காரரிடம் கெஞ்சினார்.

“அய்யய்யோ, மூட்டை உங்க தோள்லயேதான் இருக்கோணுமாம். உங்க மனசாட்சி தாங்காதுன்னு ரைட்டரு சொன்னாருங்களே” என்று அவர் இரண்டடி விலகியே நடந்தார்.

மஞ்சள் கோட்டின் வழியே போயிருந்தால் போய்ச் சேர மாலை மூன்றரை மணி ஆகியிருக்கும். குறுக்கு வழிகளின் புண்ணியத்தில், வேலுசாமி கொட்டச்சேடு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றபோது மணி ஒன்று ஐம்பது.

நிறுத்தத்துக்கு எதிரே சாந்தாமேரியின் டீக்கடை. அங்கே பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். செய்தி அவருக்கு முன்னாலேயே வந்திருந்தது. யாரோ கைதட்டினார்கள். யாரோ செவ்வந்திப் பூவைக் கட்டிக் கழுத்தில் போட்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால், பெஞ்சியின் ஓரத்தில் பிரகாஷ். எழுந்தவன் அப்படியே நின்றான்.

“அப்பா... வந்துட்டீங்களா?”

“வந்துட்டண்டா.”

மூட்டையை இறக்கியபோது வேலுசாமிக்கே ஆச்சரியமாக இருந்தது. தோள் தானாக மேலே எழும்பியது. முதுகு நேராக நின்றது. ஐம்பத்து மூன்று வயதுக்கு, மண்டி மானேஜருக்கு, இது சின்னக் காரியமில்லை. தோற்பதற்காக இத்தனை பாடுபட்டும் தோற்க முடியாத ஒரு மனிதன் தனக்குள் இருந்திருக்கிறான் என்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட வந்தது. கூடவே பயமும் வந்தது. வாக்கு வாக்குதான். பிள்ளை பனிமலைக்குப் போய்விடுவான்.

பிரகாஷ் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். எஸ்டேட் முத்திரையைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் வேலுசாமியின் மனசு இளகியது. எவ்வளவு ஆசையை அடக்கி வைத்திருந்தால் பிள்ளை இப்படி அழுவான்! அதைத் தெரிந்துகொள்ளாமல், நாலு நாளாக அவன் கனவைக் கெடுக்க உதை வாங்கி, பஜ்ஜி தின்று, வண்டி தள்ளி... அவருக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

“படிவத்தைக் குடுடா.”

“அப்பா, அவசரமில்லீங்கப்பா. ஊட்டுக்குப் போயி அம்மாகிட்ட ஒரு வார்த்தை...”

“குடுடான்னா! உங்கப்பன் சொன்ன சொல்லு மாறமாட்டான்.”

சட்டைப் பையிலிருந்து அவன் படிவத்தை எடுப்பதற்குள் இரண்டு நிமிடம் ஆனது. சந்தோஷத்தில் கை ஓடவில்லை பாவம் என்று, வேலுசாமியே வாங்கிப் பிரித்து, டீக்கடை மேசையில் வைத்து, கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டாரா? செல்போனில் அதைப் படம் பிடித்தார். படிவத்தின் கீழே அச்சிட்டிருந்த கல்லூரி நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சங்கத்துக் குழுவிலும் போட்டார். கல்லூரியிலிருந்து ‘கிடைத்தது, இடம் உறுதி’ என்று உடனே பதில் வந்தது. சங்கத்திலிருந்து பதினெட்டு கைதட்டல்களும், ‘சிங்கக்குட்டிக்கும் பேனருக்குச் சொல்லியாச்சு’ என்ற செய்தியும் வந்தன.

“பனியில பத்திரமா இருந்துக்க சாமி” என்று மகனைக் கட்டிக்கொண்டார். பிரகாஷ் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். கூட்டத்தில் இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அவன் பேச முடியாமல் முகம் கழுவக் குழாயடிக்குப் போனான்.

சாந்தாமேரி ஆவி பறக்க டீயைக் கொண்டுவந்து வேலுசாமி முன்னால் வைத்தாள். குழாயடிப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். கடைச் சுவரில் இருந்த மாதா படத்தை ஒரு தரம் பார்த்தாள். படத்துக்கு முன்னால் ஐந்து மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

“ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. காலையில மொதப் பஸ்ஸுல வந்ததுலருந்து உங்க பையன்தான் ஒண்ணொண்ணா ஏத்திட்டிருக்கறாருங்க, ‘எங்கப்பா எப்படியாச்சும் தோத்துரணும், நான் அந்தப் பனிமலைக்குப் போகாம தப்பிச்சுரணும்’னு.”